ஒரு மடக்குக் காப்பி

லூர்தம்மாள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு யாரும் உடனே எழுந்து போனதில்லை. சென்னையிலிருந்து வரும் தோல் ஏஜென்ட்டுகள், தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர்கள், என் அப்பா, எல்லோருமே அப்படித்தான். டவராவில் ஊற்றுவார்கள், திரும்பத் தம்ளருக்கு மாற்றுவார்கள், நுரை எழும்ப ஆற்றுவார்கள், பிறகு அண்ணாந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விடுவார்கள். பாதி குடித்ததும் யாராவது ஒரு பேச்சை எடுப்பார்கள். காப்பி தீரும்போது பேச்சும் தீரும். நல்ல காப்பி என்பது மெதுவாகக் குடிக்கப்படுவது. எங்கள் பேகம்பூரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அவள் சமையல் பார்த்தது நைனா முகமது ராவுத்தரின் தோல்ஷாப்பைச் சேர்ந்த பங்களாவில். வெளியூரிலிருந்து தோல் பார்க்க வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். என் அப்பா காத்தமுத்து அந்தத் தோல்ஷாப்பில் கணக்கு எழுதினார். எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் பங்களாச் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில் ஒரு கதவு இருந்தது. கான்வென்ட்டில் படித்த காலத்திலிருந்தே அந்தக் கதவு வழியாகப் போய் லூர்தக்காவின் சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். நான் அதிகம் பேசமாட்டேன். அவளுக்கு அது வசதியாக இருந்திருக்க வேண்டும்.

அவள் ஊர் மாரம்பாடி. சின்ன வயதிலேயே புருஷன் இறந்துவிட்டான். அண்ணன் வீட்டில் தொழுவத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தாள். யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் தாண்டிப் போகிற இடம். அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வருவாள், பிள்ளைகள் கோழி பிடிக்க வருவார்கள். பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தபோது பின்கட்டில் ஒரு அறையை ராவுத்தர் அவளுக்குக் கொடுத்தார். ஒரு ஜன்னல், ஒரு மரப்பலகை, மாதா படம் மாட்ட ஓர் ஆணி.

"உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டுப் படுக்கிற சொகம் இருக்கே பாப்பா, அது எம் புருசன் இருந்தப்பக்கூட எனக்கு வாய்க்கல" என்று ஒரு தடவை சொன்னாள். அவள் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அநேகமாக அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் இத்தாலி தேசத்திலிருந்து கார்லோ என்று ஒரு வியாபாரி தோல் பார்க்க வந்தார். தோல்ஷாப்பில் வெள்ளைக்காரர் எல்லோருமே துரைதான். இவரும் துரை ஆனார். கட்டையான மனிதர், கழுத்து வரை சிவந்த முகம். வந்த அன்று லூர்தம்மாள் தன் கையால் காப்பி போட்டு வெள்ளித் தம்ளரில் கொண்டு வைத்தாள். ஒரு வாய் குடித்தார். சிரித்தார். தம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஆடை கட்டி அப்படியே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஸ்பிரிட் அடுப்பு எரிகிற சத்தம். அப்புறம் ஏதோ ஒன்று கரகரவென்று இருமுவதுபோல் ஒரு சத்தம். பிறகு கதவின் அடியிலிருந்து காப்பி வாசனை வந்தது. லூர்தம்மாள் வாசல் பக்கம் துடைப்பத்தோடு நின்றுவிட்டாளாம்.

"காப்பிதேன் பாப்பா. ஆனா நம்ம காப்பி இல்ல. வறுக்கும்போது சட்டியிலருந்து வருமே மொத வாசம், அது அப்பிடியே நிக்கிது."

இருந்த நாளெல்லாம் அவரே கதவைச் சாத்திக்கொண்டு தன் காப்பியைப் போட்டுக் குடித்தார். அவள் சோற்றைச் சாப்பிட்டார், மீனைச் சாப்பிட்டார், காப்பியை மட்டும் தொடவில்லை. வாட்ச்மேன் முனியப்பனுக்கு இது அவல் கிடைத்த மாதிரி.

"ஏம்மா லூர்து, ஒங் காப்பியில துரை எதையும் கண்டுட்டாரோ? கதவச் சாத்திக்கிட்டுல்ல குடிக்கிறாரு."

"ஒன் மூஞ்சியப் பாத்துட்டுக் குடிச்சா எறங்காதுன்னு சாத்தியிருப்பாரு" என்றாள் அவள். ஆனாலும் அது அவளுக்குப் பட்டிருந்தது.

அந்த முறை துரை தோல் எதுவும் வாங்கவில்லை. மாதிரித் தோல்களை மட்டும் கட்டிக்கொண்டு கிளம்பினார். வண்டி வாசலில் நிற்கும்போது பெட்டியைத் திறந்து, அலுமினியத்தில் செய்த ஒரு சாமானை எடுத்து லூர்தம்மாளின் கையில் திணித்தார். எட்டுப் பட்டையாக, இடுப்பு ஒடுங்கி, பக்கத்தில் கறுப்புக் கைப்பிடியும் புறா மூக்குப்போல் ஒரு மூக்கும் வைத்த பாத்திரம். மடமடவென்று ஏதோ சொன்னார். நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். மேனேஜர் அப்துல் சுக்கூர் என்னைப் பார்த்தார். இங்கிலீஷ் படித்தவள் என்பதற்காக அவர்தான் என்னைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்.

"என்ன பாப்பா சொல்றாரு?"

"தெரியல மாமா. இது இங்கிலீஷ் இல்ல."

"துரை பேசுறது எப்பிடி இங்கிலீஷ் இல்லாமப் போகும்?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அது அவளுக்குக் கொடுத்த பரிசா, பெட்டியில் இடமில்லாமல் தள்ளிவிட்டதா, உன் காப்பியைவிட இது மேல் என்று காட்டியதா, எங்கள் மூவருக்குமே விளங்கவில்லை.

சமையலறையில் வைத்து அவள் அதைத் திருகிக் கழற்றினாள். மூன்று துண்டாக வந்தது. கீழே ஒரு சொம்பு. அதன் பக்கத்தில் சின்னப் பித்தளைக் குமிழ் ஒன்று. நடுவில் காலுள்ள புனல் ஒன்று, அதன் தட்டில் பொடிப்பொடியாகத் துளைகள். மேலே மூக்கு வைத்த கூஜா. கூஜாவுக்கு நடுவில் அடியிலிருந்து ஒரு தண்டு எழும்பி நின்றது.

"அட, பில்டருதேன்" என்றாள்.

எங்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? துளைத் தட்டில் தூளைப் போட்டு, மேலே கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ஒரு மூடியைக் கவிழ்த்து வைத்தாள். டிகாஷன் சொட்டுச் சொட்டாகக் கீழ்ச் சொம்பில் இறங்கியது. எண்ணெய் மாதிரி இறங்கவில்லை, ஒரு ஆளுக்குக் காணாத அளவு, அதுவும் தண்ணியாக. பாலைக் கலந்து எனக்கும் அவளுக்கும் பங்கிட்டாள். இரண்டு பேருக்குமே ஏமாற்றம்.

"இதுக்கா கதவச் சாத்துனாரு?" என்றாள். மேல் கூஜா எதற்கென்றே தெரியவில்லை. தண்டு இருப்பதால் கை விட்டுக் கழுவவும் முடியாது. எண்ணெய் ஊற்றி வைக்கலாமென்று அதை மட்டும் தனியே எடுத்து அலமாரியில் வைத்தாள். மற்ற இரண்டும், பங்களாவில் ஆள் கூடினால் எடுக்கும் உபரி பில்டர் ஆயின.

அடுத்த வருஷம் மழை முடிந்த சமயம் ராவுத்தருக்குத் தந்தி வந்தது. பொங்கலை ஒட்டித் துரை மறுபடி வருகிறார். இந்த முறை வாங்குகிற எண்ணத்தோடு வருகிறார். ராவுத்தர் பங்களாவைச் சுற்றிப் பார்த்தார், கொசுவலையை மாற்றச் சொன்னார், கடைசியாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"லூர்து, போன தடவ அந்த மனுசன் தன் காப்பியத் தானே காச்சிக் குடிச்சிருக்காரு. சுக்கூரு இப்பத்தான் சொல்றான். வீட்டுக்கு வந்த விருந்தாளி அடுப்பு மூட்டுறது நமக்குக் கேவலமில்லையா?"

"ஆமா மொதலாளி."

"அவரு குடிக்கிற மாதிரி உன்னால போட முடியுமா? முடியலேன்னா சொல்லிரு. மெட்ராஸ்ல துரைமார் வீட்டுல இருந்த பட்லர் ஒருத்தன் சும்மா இருக்கானாம். இந்தத் தடவ நீ சமாளிக்கலேன்னா அவனக் கூட்டியாந்துருவேன். வந்தா பங்களாவோடதான் தங்குவான். பின்கட்டு ரூமு அவனுக்கு வேணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான். அதனாலேயே அவர் சொன்னதைச் செய்வார் என்று இருவருக்கும் தெரிந்தது. லூர்தம்மாள் முடியும் என்றாள். அவர் போனபின் என்னைப் பார்த்து, "எதப் போடணுங்கிறதே தெரியாதே" என்றாள்.

அலமாரியிலிருந்து கூஜாவை இறக்கினாள். மூன்று துண்டையும் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு கீழ்ச் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியை விரலால் தேய்த்தாள். என்ன புளி போட்டுத் தேய்த்தும் போகாத கருமை.

"பில்டர யாரு பாப்பா அடுப்புல வைப்பா? இது அடுப்புல ஏறுன சாமான்."

அதனால் எங்கள் குழப்பம் தெளியவில்லை, கூடியது. மூன்றையும் சேர்த்துத் திருகி, மேல் கூஜாவில் தண்ணீரை ஊற்றிக் குமுட்டி அடுப்பில் வைத்தாள். தண்ணீர் மேலே அப்படியே நின்றது. கீழே காலிச் சொம்பு காய்ந்து, இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் நாற்றமெடுத்தது. அவசரமாக இறக்கினோம். அப்போதுதான் தண்டின் உச்சியில் இருக்கும் துளையைச் சுற்றிக் காப்பிக் கறை படிந்திருப்பதை அவள் பார்த்தாள். அடியில் இல்லாத கறை உச்சியில் இருந்தது.

"இங்கிட்டிருந்துதேன் ஊத்து மாதிரி வந்திருக்கு" என்றாள். "அப்ப தண்ணி கீழ இருந்து மேல ஏறணும். தண்ணி எங்குட்டாச்சும் மேல ஏறுமா?"

பள்ளிக்கூடத்தில் நீராவியைப் பற்றிப் படித்திருந்தேன். ரயில் எஞ்சின் படம் போட்டுக் குறிப்பெழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். அதற்கும் இந்தக் கூஜாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கே நிச்சயமில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ரயிலையே தள்ளுதாம், இத்தினிக்கூண்டு தண்ணியத் தள்ளாதா" என்று அவள் உடனே கீழ்ச் சொம்பில் தண்ணீரை நிரப்பினாள்.

அந்த முதல் முயற்சி பாழாய்ப் போனது. வழக்கமான தூள்தான் போட்டிருந்தாள். மேற்கு ரத வீதிக் கடையில் சிக்கரி கலந்து மாவாக அரைத்துக் கொடுப்பது. பில்டருக்குச் செய்வதுபோல் விரலால் அமுக்கியும் வைத்திருந்தாள். சிக்கரி நனைந்து சேறாகித் துளைகளை அடைத்துக்கொண்டது. மேலே ஒரு சொட்டும் வரவில்லை. திடீரென்று பித்தளைக் குமிழிலிருந்து புஸ்ஸென்று ஆவி பீறிட்டுச் சுவர் வரை அடித்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த முனியப்பன் வந்த வேகத்தில் வெளியே போய்விட்டார். அடுப்பு அணைந்து வெகுநேரம் கழித்து, வாசலுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"காப்பியா வெடிமருந்தா?"

"ரெண்டுந்தேன். ஒமக்கு எது வேணும்?"

சிக்கரி இல்லாத சுத்தக் கொட்டை பட்டிவீரன்பட்டியிலிருந்து வந்தது. தாண்டிக்குடி மலைக் கொட்டை. அதை அவளே இரும்புச் சட்டியில் வறுத்தாள். கையால் சுற்றும் மிஷினின் பல்லைத் தளர்த்தி, ரவைக்கும் மாவுக்கும் நடுவாக, ஆற்று மணல் பதத்தில் அரைத்தாள். தூளை அமுக்காமல் விரலால் வழித்துச் சமன் செய்தாள். தண்ணீரைக் குமிழுக்குக் கீழேயே நிறுத்தினாள். விசிறாமல் கரி தானாகக் கனிகிற வரை காத்திருந்தாள். அன்று தண்டின் உச்சியில் முதலில் ஒரு கறுப்புத் துளி எட்டிப் பார்த்தது. பிறகு தேன் மாதிரி வழிந்து இறங்கியது. கடைசியில் அந்த இருமல் சத்தம் வந்தது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு குடித்தோம். அவள் கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தாள். நான் மரியாதைக்காக விழுங்கினேன்.

சுக்கூர் மாமாவுக்குக் கொடுத்துப் பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நிலவேம்பு."

"நல்லாருக்கா, நல்லால்லையா?"

"நிலவேம்பு நல்லாருக்குன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? ஆனா நிலவேம்புன்னு பாத்தா நல்ல நிலவேம்பு."

முனியப்பன் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். போட்டுக் கொடுத்தபின் முன்னதே தேவலை என்றார். அப்பா ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டு, துரைமார் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போனது நல்லதுதான் என்றார். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனாலும் என்ன பயன்? எங்களில் யாருக்கும் பிடிக்காத ஒன்றை, அது இன்னும் எவ்வளவு பிடிக்காமல் இருந்தால் சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெஞ்சனத்தில் உப்புக் குறைந்தால் நாக்கு சொல்லும். இதில் நாக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னது.

லூர்தம்மாள் ஒரு நாள் யோசித்துவிட்டு, குமுட்டி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் துரையின் அறையில் வைத்தாள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு என்னை அடுப்பருகே உட்காரச் சொன்னாள். தான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நாக்க நம்ப முடியாது. மூக்குக்குத் தெரியும். அன்னைக்கு இந்தக் கதவுக்கடியிலதேன் வந்துச்சு" என்றாள் வெளியிலிருந்து.

நான் உள்ளே காப்பி இறக்கினேன். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மோந்தாள்.

"இல்ல. கருகல் அடிக்குது. அதுல இது இல்ல."

சத்தம் வருவதற்கு முந்தியே இறக்கச் சொன்னாள். "இப்பப் பச்சையா இருக்கு" என்றாள். கொட்டையை இன்னொரு பொட்டு கூட வறுத்தாள். சத்தம் ஆரம்பித்த கணமே பாத்திரத்தைத் தூக்கி, வெல்லப்பாகு முற்றாமலிருக்கச் சட்டியைத் தண்ணீரில் வைப்பதுபோல், தண்ணீர்த் தட்டில் அடியை அமர்த்தச் சொன்னாள். இப்படிப் பல நாள் நடந்தது. ஒரு மத்தியானம் வெளியிலிருந்து சத்தமே இல்லை. போய்விட்டாளோ என்று கதவைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"இதுதேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதுதேன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

துரை ஒரு மாலை ரயிலில் வந்தார். ராவுத்தர் திருச்சி போயிருந்ததால் சுக்கூர் மாமாதான் வரவேற்றார். நானும் இங்கிலீஷுக்காக வராந்தாவில் நின்றேன். பயணக் களைப்பு தெரியும் முகம். லூர்தம்மாள் சின்னப் பீங்கான் கோப்பையில் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

துரை கோப்பையைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். சர்க்கரை போட்டுக் கலக்கினார். உட்காரவில்லை. நின்றபடியே ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு கோப்பையைக் கீழே வைத்தார். ஆற்றவில்லை, பேசவில்லை. ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் ஊன்றி இரண்டு தடவை திருகினார். எங்களைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டு, தோல் அடுக்கியிருக்கும் கொட்டகையை நோக்கி நடந்துவிட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லும் இங்கிலீஷ் இல்லை.

"கஷாயம் குடிக்கிற மாதிரி குடிச்சிட்டாரு" என்றார் மெதுவாக. "மூக்கப் புடிக்கல, அதான் பாக்கி. அப்புறம் கன்னத்தப் புடிச்சாரே கவனிச்சியா? பல்லுல இறங்கிருச்சு. கடவாப்பல்லு."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வேறு என்ன நினைப்பது? பிடித்த காப்பியை யார் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போவார்? மாமா நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பிக் கிராம்புத் தைலம் வாங்கிவரச் செய்தார். துரை திரும்பியதும் பஞ்சும் தைலமும் தட்டில் வைத்து நீட்டினார். துரை அதை மோந்து பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் "ஃபார் டூத்" என்றேன். அவர் தன் பல் எல்லாவற்றையும் நாக்கால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு நன்றி சொல்லித் தைலத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மறுக்கவில்லையே, அதனால் வலி உண்மைதான் என்று மாமா முடிவுக்கு வந்தார்.

சுவர்க் கதவைத் தாண்டி வீட்டுக்குப் போகும்போது பின்கட்டு அறையில் லூர்தம்மாள் தகரப் பெட்டியைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். மாதா படம் பெட்டிக்குள் சேலை மடிப்பின்மேல் இருந்தது.

"எங்கக்கா?"

"மாரம்பாடிக்கு."

"மொதலாளி இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல விட்டுக் கேக்கணுமா? பட்லரு வந்து வாசல்ல நிக்கயில நான் பாயச் சுருட்டிக்கிட்டு நிக்கணும், அவன் பாக்கணும். அது வேண்டாம் பாப்பா. நாமளா போயிருவோம்."

நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். விடியற்காலை அவள் போனது எனக்குத் தெரியாது.

காலையில் சுக்கூர் மாமா எங்கள் கொல்லைக் கதவைத் தட்டினார்.

"பாப்பா, செத்த வா. துரை அடுப்படியில வந்து நிக்கிறாரு. கையில வெறுங் கோப்பை. லூர்தக் காணம். நானே நம்ம பில்டர்ல போட்டுக் குடுத்தேன். தலைய ஆட்டுறாரு. வேணுங்கிறாரா வேணாங்கிறாரான்னு வெளங்கல."

போனேன். துரை குளித்து, சட்டை மாட்டி, காலிக் கோப்பையோடு அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். அந்த எட்டுப்பட்டைக் கூஜாவைக் காட்டினார். பிறகு, அவள் எங்கே என்பதுபோல் பின்கட்டைக் காட்டினார். "வேர்?" என்றார். நேற்றைய காப்பி எப்படி இருந்தது என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் பெரிதாகச் சிரித்து, மறுபடி விரலைக் கன்னத்தில் வைத்துத் திருகினார்.

"பாத்தியா, இன்னும் வலிக்கிது" என்றார் மாமா.

"மாமா, பல் வலிக்கிறவரு சிரிப்பாரா?"

மாமா யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது. "அப்ப எதுக்குத் தைலத்த வாங்கி வச்சாரு?" என்றார். லூர்தக்கா மாரம்பாடி போகும் காலை பஸ்ஸுக்குப் போயிருப்பாள் என்று சொன்னேன். உடனே குதிரைவண்டி பிடித்துவர ஆள் ஓடியது. நான் சொன்னால் கேட்பாள் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். நான் யாரிடமும் எதையும் சொல்லிக் கேட்க வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மாரம்பாடி பஸ் புறப்படத் தயாராக நின்றது. லூர்தம்மாள் ஜன்னலோரம், தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"லூர்து, எறங்கு. துரை தேடுறாரு."

"எதுக்கு? இன்னும் என்ன சொல்லணுமாம்?"

"என்ன சொல்றாருன்னு தெரிஞ்சா நான் ஏன் குதிரைவண்டியில வாரேன்? வெறுங் கோப்பைய வச்சுக்கிட்டு நிக்கிறாரும்மா."

"பிடிச்சிருந்ததா?"

மாமா என்னைப் பார்த்தார். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியலக்கா" என்றேன். "ஆனா சுக்கூர் மாமா போட்ட காப்பிய வேணான்னுட்டாரு. ஒங்க கூஜாவத்தான் காட்டுனாரு."

"மேனேசரு போட்ட காப்பிய நாய்கூட வேணான்னுதேன் சொல்லும்" என்றாள். மாமா அதற்குக் கோபப்படவில்லை.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏத்தா, ஏறுனதா எறங்குறதா? முடிவச் சொல்லு. காப்பிக் கதைக்கெல்லாம் வண்டி நிக்காது."

"என்ன அப்பு அவசரம்? ஒரு வாய் காப்பிக்குத்தேன் இம்புட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் சொன்னார். "தேடி வந்த பெறகு ஒரு தடவ போட்டுக் குடுத்துட்டுத்தேன் வாயேன்த்தா. மாரம்பாடி எங்குட்டுப் போயிரப் போவுது."

லூர்தம்மாள் பெட்டியை ஜன்னல் வழியாக மாமாவின் கையில் நீட்டினாள்.

பங்களாவுக்கு வந்ததும் அவள் யாரையும் பார்க்கவில்லை. அடுப்பைக் கனிய விட்டாள், தூளை வழித்தாள், மெல்லிய சத்தம் கேட்டதும் இறக்கித் தண்ணீர்த் தட்டில் வைத்தாள். இந்த முறை கதவுக்குப் பின்னால் ஒதுங்கவில்லை. துரைக்கு நேர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தார். அவள் முகம் சுருங்கிற்று. அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை, அவளிடமே நீட்டினார். இன்னும் வேண்டும் என்று ஒரு விரலைக் காட்டினார். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டாவது கோப்பையையும் அப்படியே ஊற்றிக்கொண்டு, விரலைக் கன்னத்தில் திருகினார்.

"அவங்க ஊருல அதுக்கு வேற அர்த்தம் போல" என்றார் மாமா மெதுவாக. அந்தக் கிராம்புத் தைலத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவர் கவலைப்பட்டதாகத் தோன்றியது.

மத்தியானம் ராவுத்தர் வந்தார். துரை கொட்டகையில் தோலைத் தடவித் தடவிப் பார்த்து வாங்குவதைத் தனியே அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். ராவுத்தர் நேரே சமையலறைக்கு வந்தார். நடந்ததை மாமா சொல்லியிருப்பார் போல. தகரப் பெட்டி இன்னும் கூடத்தில் கிடந்தது.

"இது ஏன் இங்க கெடக்கு? உள்ள கொண்டு போயி வையி" என்றார். "பட்லருக்கு வேண்டாம்னு எழுதிர்றேன்."

"சரி மொதலாளி" என்றாள். அவர் போன பிறகும் அவள் உடனே பெட்டியைத் தூக்கவில்லை. "நெசமாத்தேன் சொல்றாரா பாப்பா?" என்று என்னைக் கேட்டாள். ராவுத்தர் பேசியது தமிழ்தான். ஆனாலும் அன்று அவளுக்கு எதுவுமே ஒரு முறை சொன்னால் போதவில்லை.

நான் இப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். துரை பின்னும் சில தடவை வந்துபோனார். பங்களாவில் அந்த அறையில்தான் லூர்தம்மாள் இருக்கிறாள். துரை வராத மாதங்களிலும் கை மறந்துவிடக் கூடாதென்று எப்போதாவது அந்தக் கூஜாவை அடுப்பில் ஏற்றுகிறாள். குடிக்க ஆள் கிடைப்பதில்லை. போன வாரம் சுக்கூர் மாமாவை வற்புறுத்தி உட்கார வைத்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது மாற்றம் இருக்கும் என்ற நம்பிக்கையோடு அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தைக் கோணினார்.

"இன்னும் கசக்குதேம்மா."

"அப்பச் சரி" என்றாள் லூர்தம்மாள்.